பெருந்தொற்று நேரத்தில் பல்கலைக்கழக நூலகத்தைப் பாதுகாப்பாகத் திறக்க முடியுமா?

அடுத்த நோய்ப்பரவலுக்கு உங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், கோவிட் காலத்தில் திறந்தவர்களின் அனுபவம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். இரவல் கவுண்டர், தமிழ் நூல் பகுதி இரண்டையும் பார்த்துக்கொண்டவள். மூடியதையும் திறந்ததையும் கூடவே இருந்து பார்த்தேன்.

முடியும். ஆனால் முதல் தடவை நாங்கள் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குக் காற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. யாருக்கு நாற்காலி கொடுப்பது என்பதை அதைவிடக் குறைவாகத்தான் யோசித்தோம். உங்கள் திட்டம் இந்த இரண்டிலிருந்து தொடங்கட்டும்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மே மாதக் கடைசியில் உயர்கல்வி அமைச்சு, ஆண்டு முடியும் வரை வகுப்புகள் இணையத்தில்தான் என்று அறிவித்தது. ஆய்வு மாணவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஜூன் 10-இல் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நாங்கள் அவர்களுக்காகத் திறக்கத் தயாரானோம்.

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். மழைக்காலத்தில் பெட்டிக்குள் மறந்துபோன துணியின் வாடை. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏர்கோனை மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்தார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 65-ஐத் தாண்டினாலே புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். தமிழ்ப் பகுதியில் துணி அட்டை போட்ட பழைய நூல்களின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஒன்றை இழுத்தால் பக்கத்துப் புத்தகமும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மூன்று வாரம் முகக் கவரி போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியை ஒரு நாளில் நான்கு தடவை ஊற்றிக் கொட்டியிருக்கிறேன். ஆகவே மூடுவதற்கும் திட்டம் எழுதுங்கள்: யார் வாரம் ஒருமுறை உள்ளே போவது, ஏர்கோன் எந்த அளவில் ஓடுவது, ஈரமானியை யார் படிப்பது. ஊரே அடைந்து கிடந்தபோது உள்ளே போவதற்கான அனுமதிக் கடிதத்தை வாங்க எங்களால் முடியவில்லை. முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் திரும்பி வரும் புத்தகங்கள். அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும் பேட்டல் ஆய்வகமும் சேர்ந்து, நூலகப் பொருள்களில் கிருமி எத்தனை நாள் இருக்கிறது என்று சோதித்தார்கள். ரெல்ம் திட்டம் என்று பெயர். 2020 ஜூனில் வந்த முதல் முடிவு, மூன்று நாளுக்குப் பிறகு அட்டையிலும் தாளிலும் கிருமி தென்படவில்லை என்றது. நாங்களும் மூன்று நாள் ஒதுக்கி வைத்தோம். செப்டம்பரில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பெரும்பாலான பொருள்களில் ஆறு நாள் கழித்தும் தென்படுகிறது என்று அடுத்த முடிவு. உடனே எங்கள் ஒதுக்கீடு ஏழு நாளானது. டிராலிகள் தீர்ந்து, கருத்தரங்கு அறைத் தரையெல்லாம் தேதி ஒட்டிய பெட்டிகள். ஆய்வு மாணவர் ஒருவருக்குத் தேவையான நூல் கண்ணெதிரே பெட்டியில் இருக்கும், எடுத்துக் கொடுக்க முடியாது.

அந்தச் சோதனைகளைக் குறை சொல்லவில்லை. அப்போது யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது, அவர்கள் செய்தது பெரிய உதவி. ஆனால் கிருமி தென்படுவது வேறு, அதைத் தொட்டவருக்கு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அசுத்தமான மேற்பரப்பை ஒருமுறை தொட்டு நோய் தொற்றுவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் எங்கள் பெட்டிகள் பல மாதம் அப்படியே இருந்தன. விதி எழுதும்போதே அதை எப்போது மறுபடி பார்ப்பது என்று தேதி போடாததுதான் காரணம். நீங்கள் தேதி போடுங்கள்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் வெளியிலிருந்து வந்த துப்புரவுக் குழு, மேசை நாற்காலிக்கு அடிக்கும் குளோரின் மருந்தையே திரும்பி வந்த நூல் டிராலிக்கும் அடித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது 1950களில் பினாங்கில் அச்சான ஒரு சிறு கவிதைத் தொகுப்பு நனைந்து கிடந்தது. சிவப்பு அட்டையின் சாயம் உள்தாள்களில் இறங்கி, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகி, நடுவில் எட்டுப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. வேறெந்த நூலகத்திலும் அதற்குப் பிரதி இருப்பதாக இதுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நூல்மேல் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது, புற ஊதா விளக்கும் காட்டக் கூடாது, சும்மா வைத்தாலே போதும் என்று மலாயிலும் வங்காள மொழியிலும் டிராலியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். 2021-இன் இரண்டாவது திறப்பில்தான் எங்களுக்கு இது புரிந்தது. அந்த ஆகஸ்ட் 26 அன்று நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அக்டோபர் 11-இல் பெரியவர்களில் 90 சதவீதம் பேர் தடுப்பூசி முடித்து, மாநிலம் தாண்டிப் போக அனுமதி வந்தது. மாணவர்கள் கட்டங்கட்டமாகத் திரும்பினார்கள். பொறியியல் துறை விரிவுரையாளர் ஒருவர் கரியமில வாயு அளக்கும் சின்ன மீட்டரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். மூச்சில் வெளிவருவது கரியமில வாயு. ஆகவே அந்த எண் ஏறினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று அர்த்தம். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 420 பங்கு இருக்கும். உள்ளே 800-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய வாசிப்புக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தும் 650தான் காட்டியது. கூரை உயரம், மையக் குளிரூட்டி வெளிக்காற்றையும் கலந்து தருகிறது. அதே மீட்டரை மூன்று பேர் உட்கார்ந்திருந்த குழு அறையில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் 1,900. மூவரும் எஸ்ஓபி என்ற கோவிட் நடைமுறை விதிகளின்படி கூடல் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள், மேசையில் கைத்தூய்மி இருந்தது, நடுவில் பிளாஸ்டிக் தடுப்பும் இருந்தது. ஆனால் சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். எங்கள் விதிப்படி அந்தக் குழு அறைதான் மிகப் பாதுகாப்பான இடம்! அன்றே பூட்டினோம். ஜன்னல் உள்ள அறைகளை மட்டும் ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக் கொடுத்தோம். புகைமூட்ட நாள்களில் ஜன்னலைத் திறக்க முடியாது, அன்று அந்த அறைகளும் கிடையாது.

ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். எங்களில் நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் தொற்று வந்தது. யோசித்துப் பார்த்தால் நால்வரும் ஜன்னல் இல்லாத சிற்றுண்டி அறையில் சேர்ந்து மதியம் சாப்பிட்டவர்கள். அதன் பிறகு சாப்பாடு பின்பக்கத் தாழ்வாரத்தில்தான்.

நாற்காலி விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நான்கில் ஒரு பங்கு இருக்கைகளை மட்டும் திறந்து, இணையத்தில் முன்பதிவு வைத்தோம். நள்ளிரவு பன்னிரண்டுக்கு முன்பதிவு திறக்கும், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். யாருக்குக் கிடைத்தது? வீட்டில் நல்ல இணையமும் மடிக்கணினியும் உள்ளவர்களுக்கு. பந்தாய் டாலாமில் ஒரு பிபிஆர் (ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பு) அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு முதுகலை மாணவி வருவாள். வீட்டில் ஏழு பேர், இரண்டு தம்பிகளுக்கும் அதே நேரத்தில் இணைய வகுப்பு. ஆய்வேட்டின் ஒரு இயல் முழுவதையும் கைபேசியில் தட்டியிருந்தாள். வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முன்பதிவு கிடைக்காத நாள்களில் வாசலில் கார் நிறுத்தும் இடத்துத் திண்டில் உட்கார்ந்து எங்கள் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மூடும் நேரத்தில், "அக்கா, இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமா? வீட்டுக்குப் போனா எழுத முடியாது" என்று கேட்டாள். விதிப்படி முடியாது என்று அனுப்பிவிட்டேன். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தின் பக்கம் அவள் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த வாரம் தலைமை நூலகரிடம் போய்ப் பேசினேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். பாதி இருக்கைகளை முன்பதிவிலிருந்து எடுத்து, துறைகள் பரிந்துரைக்கும் மாணவர்களுக்கு செமஸ்டர் முழுக்க ஒதுக்கினோம். வீட்டில் இடமில்லாதவர், கணினி இல்லாதவர், பி40 என்னும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள். காரணத்தைத் துறை மட்டும் வைத்துக்கொள்ளும், கவுண்டரில் யாரும் கேட்க மாட்டோம். வருகையைப் பதியும் மைசெஜாத்தெரா செயலியைத் திறக்கக் கைபேசியில் டேட்டா இல்லாதவர்களுக்குக் கவுண்டரில் ஒரு நோட்டு வைத்துப் பெயரை எழுதினோம். கியூஆர் குறியீட்டுக்காக வாசலில் சேர்ந்துகொண்டிருந்த கூட்டமும் குறைந்தது.

"எல்லாம்தான் மின்நூலாக இருக்கிறதே, எதற்குத் திறக்க வேண்டும்" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார். மருத்துவம், பொறியியல் மாணவர்களுக்கு அது ஓரளவு சரி. தமிழ் படிப்பவருக்கு அப்படி இல்லை. சங்க இலக்கியம் வேண்டும் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டுத் தோட்டப்புறத்தைப் பற்றி இந்த நாட்டில் எழுதி அச்சிட்ட கதைகள், இங்குள்ள சங்கங்களின் ஆண்டு மலர்கள், பழைய பத்திரிகைத் தொகுப்புகள் போன்றவற்றில் பெரும்பகுதி தாளில் மட்டும்தான் இருக்கிறது. முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966-இல் நடத்திய ஊர் இது. இங்கே இந்தத் துறையில் ஆய்வு செய்கிற பிள்ளைக்கு நூலகக் கதவு மூடினால் படிப்பே நின்றுவிடும். கேட்கும் அத்தியாயத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பும் சேவையை இரண்டாவது மாதம்தான் தொடங்கினோம். நீங்கள் மூடும் நாளிலேயே தொடங்குங்கள்.

திட்டம் எழுத உட்காரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மீட்டரை இரவல் வாங்கி, தேர்வு வாரத்தில் எல்லா அறைகளிலும் ஒரு மணி நேரம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பெருந்தொற்று இல்லை, கூட்டம் இருக்கும், அளக்க இதுதான் சரியான நேரம். எந்த அறையில் எந்த ஏர்கோன், எந்த ஜன்னல் உண்மையில் திறக்கிறது என்பதையும் கையால் திறந்து பாருங்கள். எங்கள் மூன்றாம் மாடியில் பதினொரு ஜன்னல்களில் ஏழு, சாயம் பூசும்போது ஒட்டிக்கொண்டு பல வருடமாகத் திறக்காமலே இருந்தன.