கருணைக்கொலை சட்டமாகிவிட்ட நாட்டில் திருச்சபை என்ன செய்ய முடியும்? செபம் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டிலும் யாரோ இந்தப் பேச்சை எடுத்திருக்கிறார்கள் போல. முதலில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். செபத்தை அங்கே இருந்தும் சொல்லலாம்.

நான் இருப்பது ஸ்காபரோவில். கனடாவில் 2016-இல் இந்தச் சட்டம் வந்தது. 2021-இல் மரணம் நெருங்காத தீராத நோயாளிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும்கூடத் திறந்துவிட்டார்கள். 2023-இல் மட்டும் 15,343 பேர் இப்படி இறந்தார்கள். அடுத்த வருடம் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு ஐயாவும் படிவம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. பார்க்கின்சன் நோய், முதியோர் இல்லத்தில் இருந்தார்.

நாலு பேர் போனோம். "இது பாவம் ஐயா" என்று சொல்லி, சத்தமாகச் செபமாலை சொல்லி, இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்த செவ்வாய் தனியாகப் போனேன். பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தேன். கை நடுங்கி மடியெல்லாம் கொட்டிவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பாத்தியே தம்பி, இதுக்குத்தான் சொல்லுறன்" என்றார். அதற்குப் பிறகு அரைக் கோப்பை, இரண்டு தரம்.

மூன்றாவது வாரம் ஷேவ் எடுத்துவிட்டேன். தாடைக்கு அடியில் மயிர் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. சூடான துவாயை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "மகனுக்கு ரெண்டு வேலை. நான் பாரம்" என்று அப்போதுதான் வாய் திறந்தார். அன்று மாலையே மகனுக்குப் போன் எடுத்தேன். படிவம் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அழுதான். அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தான்.

படிவத்தை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினொரு மாதம் கழித்து, மகன் கையைப் பிடித்திருக்க, நிமோனியாவில் போனார்.

'வலியில் துடிப்பவரைப் பிடித்து வைக்கிறீர்கள்' என்று சிலர் கீழே எழுதுவீர்கள். பிடித்து வைக்கவில்லை. ஆயுள் குறையக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைத் தணிப்பதென்றால் மருந்து கொடுக்கலாம் என்று பாப்பரசர் 12ஆம் பியூஸ் 1957-இலேயே சொல்லிவிட்டார். பயனில்லாத சிகிச்சையை வேண்டாம் என்பதும் பாவமில்லை. வலிதணிப்பு மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் ஊழியம்தான். எல்லாருக்கும் தேத்தண்ணி போதும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மரணம் நெருங்காத பிரிவில் இப்படி இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தனிமையையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புது ஒலிபெருக்கி வாங்குவது பற்றி எங்கள் பங்கில் ஒரு வருடம் கூட்டம் போட்டுக் கதைத்தார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வாகனச் செலவு கேட்டபோது, "பிறகு பாப்பம்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அந்த இல்லத்தில் இன்னும் இரண்டு தமிழ் அம்மாமார் இருக்கிறார்கள். பனிக்காலத்திலும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.