டைட்டில் ஓடி முடிந்த பிறகு தியேட்டருக்குள் போனால் என்ன குறைந்துவிடும்?

‘டைட்டில் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும், அதில் என்ன இருக்கிறது என்கிறார் மச்சான். டைட்டிலைப் பார்த்தே படத்தின் போக்கைத் தெரிந்துகொள்ள முடியுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருட்டில் பாப்கார்னோடு நம் காலை மிதித்துக்கொண்டு இருக்கை தேடுகிறவர்களில் உங்கள் மச்சானும் ஒருவர் என்பது புரிகிறது. திருமணமாகி அதிக காலம் ஆகவில்லை, அவரிடம் எதிர்த்துப் பேசத் தயங்குகிறீர்கள் என்றும் நானாக ஊகித்துக்கொள்கிறேன்.

நான் மும்பை அந்தேரியில் ஒரு ஸ்டூடியோவில் டைட்டில் செய்கிறவன். சொந்தக் கடைச் சரக்கை உயர்த்திப் பேசுகிறான் என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். பல் மருத்துவர் பல்லின் அருமையைப் பேசினால் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நல்ல டைட்டில் கதையைச் சொல்லிவிடாது. இந்தக் கதையை எந்த மனநிலையில் பார்க்க வேண்டுமோ அந்த மனநிலைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்துக்கு டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்ததைப் பாருங்கள். திரையில் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. பெயர்கள் துண்டுதுண்டாக வந்து, ஒரு கணம் ஒன்றுசேர்ந்து, மறுபடி சிதறுகின்றன. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டே நெஞ்சைப் படபடக்க வைக்கிறார். கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. இரண்டாகப் பிளந்த ஒரு மனதைப் படம் முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான், அந்த எழுத்துகள் ஏன் பிளந்து நின்றன என்பது உறைக்கும்.

இதே சால் பாஸ் 1955இல் போதைக்கு அடிமையான ஒருவனின் கதைக்கு, வெள்ளைப் பட்டைகள் கடைசியில் ஒரு கோணல் கையாக மாறும் டைட்டிலைச் செய்தார். அந்தப் படத்தின் பிரதிகளோடு தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பும் போனது: டைட்டில் தொடங்குவதற்கு முன்பே திரைச்சீலையை விலக்குங்கள் என்று. அதுவரை மூடிய சீலையின் மேலேயே பெயர்களை ஓட்டிவிட்டு, கதை தொடங்கும்போது விலக்குவது பல தியேட்டர்களில் வழக்கம். ஆக, உங்கள் மச்சானுக்கு அமெரிக்காவிலும் முன்னோர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தது ‘செவன்’ (1995). கைல் கூப்பர் செய்த டைட்டில். யாரோ ஒருவனுடைய கைகள். பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகின்றன, நோட்டுப் புத்தகங்களைத் தைக்கின்றன. கொலைகாரன் படத்தின் பிற்பகுதியில்தான் நேரில் வருகிறான், ஆனால் அவனுடைய பொறுமையும் வெறியும் முதல் நிமிடங்களிலேயே நமக்குப் பழகிவிடுகின்றன. இன்னொன்று: கொலைகாரனாக நடித்தவரின் பெயர் தொடக்க டைட்டிலில் கிடையாது. ரகசியம் காக்க வேண்டுமென்றே விட்டார்கள். நம் ஊரில் ஒரு நடிகரிடம் போய் ‘உங்கள் பெயரை முன்னால் போடப்போவதில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுதான் இந்தக் கேள்வி என்னைக் கிள்ளியதற்குக் காரணம்.

ஒரு சிறிய திகில் படம். மொழியும் பெயரும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் மெல்ல மெல்ல விஷம் வைக்கிறார். யார் என்பது கிளைமாக்ஸில்தான் தெரியும். இயக்குநரும் நானும் உட்கார்ந்து டைட்டிலை யோசித்தோம். ஒரு சமையலறை அலமாரி, மருந்துப் பெட்டிகள், டிபன் கட்டும் இரண்டு கைகள். பெயர்கள் எல்லாம் மாத்திரை அட்டையின் பளபளப்பில் தெரிந்து மறையும். அந்தக் கைகளில் ஒன்றில் நெளிந்த மோதிரம். கிளைமாக்ஸில் அதே மோதிரம் யார் விரலில் இருக்கிறது என்று பார்த்ததும் தூக்கிவாரிப் போட வேண்டும். என் வேலைகளில் இன்றும் நான் தலைநிமிர்ந்து காட்டக்கூடியது அதுதான்.

முதலில் விஷம் வைப்பவராக நடித்த நடிகரின் மேலாளர் வந்தார். பெயரைக் கடைசியில் போடுவதெல்லாம் நடக்காது, மூன்றாவதாக வரும் பெயர்க் கார்டு வேண்டும் என்றார். கொடுத்தோம். பிறகு தயாரிப்பாளரின் எண்கணித ஜோதிடர் படத்தின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். மாத்திரை அட்டையில் தன் மனைவியின் பெயர் தெளிவாகத் தெரியவில்லை என்று தயாரிப்பாளருக்கு வருத்தம். அதையும் பெரிதாக்கினோம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்த டைட்டில் பிழைத்துத் தியேட்டருக்குப் போனது. பிறகு தொலைக்காட்சிக்கு விற்றபோது, விளம்பர நேரம் போதவில்லை என்று டைட்டிலை முழுதாக வெட்டி எறிந்துவிட்டார்கள்.

முலுண்டில் இருக்கும் என் அத்தை அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “திடீரென்று அந்த மனிதரைக் குற்றவாளி என்றால் யார் நம்புவார்கள்? முன்னாலேயே ஏதாவது காட்டியிருக்க வேண்டாமா?” என்று கேட்டார். காட்டினோம் அத்தை!

‘எல்லாம் வெளிநாட்டு உதாரணம், தமிழில் இதற்கெல்லாம் ஏது மரபு’ என்று சிலர் கிளம்புவார்கள். ‘அண்ணாமலை’ (1992) படத்தில் முதன்முதலாகப் புள்ளி புள்ளியாக எழுந்த சூப்பர் ஸ்டார் டைட்டிலை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் ‘பாட்சா’வை (1995) நினைத்துப் பாருங்கள். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் கம்பத்தில் கட்டிவைக்கப்பட்டு அடி வாங்குகிறார், திருப்பி அடிக்கவில்லை. அவர் பம்பாயில் யாராக இருந்தார் என்பது நமக்கு இன்னும் தெரியாது. இருந்தும் கூட்டம் பொறுமை இழக்கவில்லை என்றால், அந்தப் புள்ளிகள் முன்பே ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தன. மும்பை கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு அப்பா எங்களை அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு போவார், அந்த இசை தொடங்கும்போது இருக்கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே. தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். சினிமா இலக்கணம் எதுவும் படித்தவர் அல்ல.

இன்று நிலைமை வேறு. புகையிலை எச்சரிக்கை, விலங்குகளைத் துன்புறுத்தவில்லை என்ற உறுதிமொழி, கதை முற்றிலும் கற்பனை என்ற உறுதிமொழி, ஒரு மாவட்டத்துக்கே நன்றி சொல்லும் கார்டுகள் எல்லாம் முடிந்துதான் டைட்டில். எச்சரிக்கைக்கு நான் எதிரி அல்ல. ஆனால் மெல்லிய காதல் கதைக்காக மனதைத் திறந்து வைத்தால் முதலில் உள்ளே வருவது நுரையீரல்தான்.

இந்த வேலையில் இருப்பதால் வரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா வீடியோ ஒவ்வொன்றுக்கும் நான்தான் டைட்டில் போட வேண்டும், இலவசமாக. தாய்மாமன்களின் பெயர்களை வயது வரிசையில் போட்டால் சீர் அதிகம் செய்தவருக்குக் கோபம். சீர் வரிசையில் போட்டால் மூத்தவருக்குக் கோபம். சென்ற ஆண்டு திருநெல்வேலியிலிருந்து ஒரு மாமா தொலைபேசியில் கத்தியதை நினைத்தால், அந்த நடிகரின் மேலாளர் தங்கமான மனிதர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டைட்டிலை வைத்துக் கதையை ஊகிக்க முயலாதீர்கள், அது பெரும்பாலும் தோற்கும். படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு நிமிடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் தடவை அலங்காரமாகத் தெரிந்ததில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று அப்போது பிடிபடும். மச்சானிடம் விவாதிக்கவே வேண்டாம். அடுத்த முறை அவருடைய டிக்கெட்டை அவர் கைபேசிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள். ஓர இருக்கையை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள், மற்றவர்களின் காலாவது தப்பிக்கும்.