தோட்டம் கேள்வி–பதில்: இப்போதே விதைக்கலாமா?

கேள்வி: குளிர்காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. சில நாட்களாக நல்ல வெயில் அடிப்பதால் பனி உருகி, பாத்திகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. விதைப் பொட்டலங்களை எடுத்துப் பார்ப்பதும் மீண்டும் பெட்டியில் வைப்பதுமாக இருக்கிறேன். இப்போதே விதைத்தால் என்ன? பொறுமை இழந்து ஜன்னலோரத்தில் முன்கூட்டியே விதைத்த தக்காளி நாற்றுகள் நூல் போல நீண்டு சாய்ந்துவிட்டன. அவற்றைக் காப்பாற்ற வழியுண்டா?

பதில்: உங்கள் கை பரபரப்பதில் வியப்பில்லை, ஆனால் முதுகில் வெயில் உறைப்பதை வைத்து மண்ணின் நிலையைக் கணிக்க இயலாது. காற்று ஒரே பகலில் சூடேறிவிடும். உருகிய பனிநீரில் ஊறிக் கிடக்கும் மண்ணோ மிக மெதுவாகவே சூடேறும். ஏனெனில் நீரைச் சூடாக்க அதிக வெப்பம் வேண்டும் என்பதோடு, அந்த நீர் ஆவியாகும்போது மண்ணிலிருந்து வெப்பத்தையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. மேட்டுப்பாத்திகளில் நீர் விரைவில் வடிவதால்தான் அவை மற்றப் பாத்திகளைவிட முன்னதாகச் சூடேறுகின்றன.

விதைக்கு நாட்காட்டியும் தெரியாது, வெயிலும் தெரியாது. மண்ணின் சூடு மட்டுமே தெரியும். எனவே மண்ணில் செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வைத்துக்கொண்டு, காலை வேளையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் என்ன காட்டுகிறது என்பதைத் தொடர்ந்து சில நாட்கள் குறித்து வாருங்கள். பட்டாணி 5 டிகிரி செல்சியஸிலேயே முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் முளை வெளியே வர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். 10 டிகிரியில் இரண்டு வாரமும் 15 டிகிரியில் ஒன்பது நாட்களும் போதும். அதாவது, நீங்கள் இன்று அவசரப்பட்டு விதைப்பதற்கும், பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று வாரம் கழித்து நிதானமாக விதைப்பதற்கும் அறுவடையில் பெரிய வேறுபாடு இருக்காது. உங்கள் விதைகள் மட்டும் அத்தனை நாளும் ஈரத்தில் கிடந்து, பூஞ்சைக்கும் எலிக்கும் தப்பிப் பிழைக்க வேண்டியிருக்கும். பீன்ஸ் விதைக்கு இந்தச் சலுகைகூட இல்லை. மண் 15 டிகிரியை எட்டும் முன் விதைத்தால் பெரும்பாலும் அழுகிவிடும்.

சூட்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது பதம். ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு விரல்களைத் திறந்து பாருங்கள். மண் உருண்டையாக நின்று, விரல் ரேகை பதிந்து பளபளத்து, கட்டைவிரலால் தட்டினாலும் உடையாமல் இருந்தால் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஈரமான களிமண்ணை இப்போது கிளறினாலும் மிதித்தாலும் அது இறுகிக் கட்டியாகிவிடும். அந்தப் பருவம் முழுவதும் வேர்கள் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

தக்காளி நாற்றுகளுக்கு வருவோம். அறையின் சூடு அவற்றை வளரச் சொல்கிறது, ஜன்னல் வழியே வரும் மங்கிய ஒளியோ அந்த வளர்ச்சிக்குப் போதவில்லை; அதனால்தான் தண்டு நீண்டு மெலிகிறது. நல்ல வேளையாகத் தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். முதல் இலைகள் வரை தண்டை ஆழமாகப் புதைத்து வேறு தொட்டிக்கு மாற்றி, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் விளக்கொளி கிடைக்கும்படி செய்து, இரவில் சற்றுக் குளிர்ந்த அறையில் வையுங்கள். தண்டின் அடி கறுத்துச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல் என்னும் பூஞ்சை நோய். அவற்றை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக விதையுங்கள். கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் விதைத்தால் தக்காளிக்குப் போதுமானது. இங்கே ஓர் எச்சரிக்கை: கடைசி உறைபனி நாள் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு சராசரி. ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழும். ஆகவே அந்த நாளை மட்டும் நம்பி அவசரப்படாமல், நாற்றுகளை ஏழு முதல் பத்து நாட்கள் வெளியே நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே நடுங்கள்.

கேள்வி: விதைப்பதுதான் கூடாது என்றால், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது, காய்ந்த தண்டுகளை வெட்டித் தோட்டத்தைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளையாவது தொடங்கலாமா?

பதில்: சிலவற்றைத் தொடங்கலாம். ஆப்பிள், பேரி மரங்கள் உறக்கநிலையில் இருக்கும்போதே, மொட்டுகள் பருக்கும் முன் கவாத்து செய்வது நல்லது. அதற்கு இதுவே தருணம். வசந்தத்தில் பூக்கும் லைலாக், ஃபார்சித்தியா போன்ற புதர்ச்செடிகளின் பக்கம் கத்தரிக்கோலுடன் போகாதீர்கள். அவற்றின் பூமொட்டுகள் சென்ற கோடையிலேயே உருவாகிவிட்டதால், இப்போது வெட்டினால் இந்த ஆண்டுப் பூக்களைத்தான் வெட்டுகிறீர்கள். பூத்து முடிந்த உடன் வெட்டுங்கள். ஆசை அடங்கவில்லை என்றால், ஃபார்சித்தியாவின் இரண்டு கிளைகளை மட்டும் நறுக்கி வீட்டுக்குள் நீரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குள் மஞ்சள் பூக்கள் மலரும்.

காய்ந்த தண்டுகளையும், மண்ணின் மேல் போர்வையாகப் பரப்பிய மூடாக்கையும் இன்னும் சிறிது காலம் விட்டுவைக்க வேண்டும். உள்ளே குழலாக இருக்கும் தண்டுகளில் தனித்து வாழும் தேனீ வகைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மூடாக்கை முன்கூட்டியே விலக்கினால், பகலில் இளகி இரவில் உறையும் மண் இளஞ்செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். இதைவிடப் பயனுள்ள வேலை பழைய விதைகளைச் சோதிப்பது. பத்து விதைகளை ஈரத் தாளில் சுருட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள். தக்காளி விதை நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். வெங்காய விதையோ ஓரிரண்டு ஆண்டுகளிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும்.

கேள்வி: துலிப் முளைகள் அதற்குள் வெளியே தலைகாட்டிவிட்டன. மீண்டும் உறைபனி வந்தால் கருகிவிடுமா?

பதில்: இலைகள் தாங்கிக்கொள்ளும். பூப்பதற்கே நீண்ட குளிர் தேவைப்படும் கிழங்கு அது. மேலே பனி விழுந்தால் துடைக்க வேண்டாம், அதுவே கடுங்குளிரைத் தடுக்கும் போர்வை. மொட்டில் நிறம் தெரியத் தொடங்கிய பிறகு கடும் உறைபனி வரும் போலிருந்தால் மட்டும் இரவில் துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் படும்படி போடாதீர்கள்.