வீட்டில் டர்போ பொருத்திய காருக்கு முன்பக்க இன்டர்கூலர் எதற்கு?

இன்டர்கூலர் என்பது டர்போவுக்கும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இன்ஜினுக்கும் நடுவே உட்காரும் ஒரு காற்று ரேடியேட்டர். அதை முன் பம்பருக்குப் பின்னால், எதிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினால் முன்பக்க இன்டர்கூலர்.

சைக்கிள் டயருக்கு வேகமாகக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டர்போவிலும் இதே கதைதான். 30 டிகிரி காற்றை 0.7 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தத்துக்கு, அழுத்தினால், வெளியே வரும்போது ஏறக்குறைய 100 டிகிரி இருக்கும். சூடான காற்று விரிந்து கிடப்பதால் ஆக்ஸிஜன் குறைவாகவே உள்ளே போகும். அதைவிட மோசம், பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடித்து 'நாக்' அடிக்கும், பிஸ்டனே உடையலாம்.

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸில் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே இருக்கிறது. பானட்டில் அந்தக் காற்றுவாய் அதற்காகத்தான். டிராஃபிக்கில் நின்றால் இன்ஜின் சூட்டையே வாங்கிக்கொள்ளும். முன்னால் மாற்றினால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் குழாய் நீளும்.

வேலையில் பாதி அந்தக் குழாய்தான் என்பேன். நுனியில் சிறு வரம்பு எழுப்பாத குழாயில் சிலிக்கோன் ஹோஸை எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் 'டப்'பென்று கழன்றுவிடும். அப்புறம், டர்போவுக்கு முன்னால் காற்றை அளக்கும் சென்சார் உள்ள காரில் கசிவு இருந்தால், அளந்த காற்றில் கொஞ்சம் வழியிலேயே வெளியேறிவிட, பெட்ரோல் கூடுதலாகப் போய்க் கரும்புகை வரும்.

பெயரைப் பார்த்து இது இன்ஜினைக் குளிர்விக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; குளிர்வது உள்ளே போகும் காற்றுதான், ரேடியேட்டருக்கு வரும் காற்றை இது மறிப்பதால் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறினாலும் ஏறும்.