நிலத்தில் பதியும் செலவு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி உத்தி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டைக் கல்லூரி நாட்களிலிருந்து ஆடுகிறேன். அண்மையில் ஸ்டார்கிராஃப்ட் 2-ஐயும் பழகத் தொடங்கியிருக்கிறேன். எதை எந்த நேரத்தில் கட்ட வேண்டும் என்ற வரிசை எனக்கு மனப்பாடம். கை வேகமும் மோசமில்லை. ஆனாலும் என்னைவிட நிதானமாக ஆடுகிறவர்களிடம் தோற்றுவிடுகிறேன். என்னோடு ஆடும் நண்பர், "வேவு பார்க்கும் உன் ஸ்கவுட் குதிரை என் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே போனது, நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அங்கேயே தெரிந்திருக்க வேண்டுமே" என்கிறார். என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் மரமும் வீடும் ஆடுகளும்தான்.

திரையில் இருப்பவற்றில் எது தடயம், எது வெறும் அலங்காரம் என்று எப்படிப் பிரித்தறிவது? எதிராளி வேண்டுமென்றே பொய்த் தடயத்தைக் காட்டினால் என்ன செய்வது? இதைப் பயிற்சியால் அடைய முடியுமா, அல்லது இது சிலருக்கு மட்டுமே இயல்பாக அமைகிற பார்வையா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரி. ஸ்கவுட் குதிரை பார்த்துவிட்டு வந்ததில் பெரும்பாலும் எல்லாமே இருந்திருக்கும். மரம், வீடு, ஆடு என்று நீங்கள் பெயர் சொல்லி அடையாளம் கண்டவையே தடயங்கள். ஆனால் அவை அங்கே அந்த நிலையில் இருப்பதற்கு எதிராளி என்ன கொடுத்தார் என்ற கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இந்த வகை விளையாட்டுகளில் எந்தச் செயலும் இலவசமாக நடப்பதில்லை. மரம், உணவு, தங்கம், கல், ஆள், நேரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தே தீரும். அப்படிக் குறைந்ததால் நிலத்தில் உண்டான மாற்றத்தை நான் தடயம் என்பேன். யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் இருக்கப்போவதை அலங்காரம் என்பேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் வரைபடத்தின் மேல் வட்டமிடும் பருந்துகள் அழகுக்காக வைக்கப்பட்டவை, அவற்றிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. அதே நிலத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று தெரிந்தால், யாரோ ஒருவருடைய வில்லேஜர், அதாவது பொருள் சேர்க்கும் வேலையாள், அங்கே நின்று வேலை செய்திருக்கிறார் என்பது உறுதி. உங்கள் ஆட்கள் ஒருபோதும் போகாத காட்டோரத்தில் அத்தகைய அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால், சற்றே தள்ளித் தேடிப்பாருங்கள்.

1999-இல் வெளியான அந்த விளையாட்டிலிருந்தே ஒரு சிறு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வழக்கமான தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 100 தங்கம் கிடைக்கிறது. வில்லேஜர்களின் உயிரைக் கூட்டும் லூம் என்ற ஆராய்ச்சிக்கு 50 தங்கம் போய்விட்டால் மீதம் 50. மிலிஷியா வீரன் ஒருவனுக்கு 20 தங்கம் தேவை. ஆகவே இருவரை உருவாக்கலாம், மூன்றாமவனுக்கு 10 தங்கம் குறையும். ஒரு வில்லேஜர் ஒரு நடையில் சுமந்துவரும் தங்கம் சரியாக 10. ஆட்டம் யுகங்கள் என்ற கட்டங்களாக முன்னேறுகிறது. முதல் யுகத்தில் தங்கம் தேவைப்படும் வேலைகள் மிகச் சில என்பதையும், அடுத்த யுகத்துக்குப் போக உணவு மட்டுமே போதும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் ஸ்கவுட் கண்ட காட்சியை மறுபடி பாருங்கள். எல்லோரும் ஆடுகளைச் சுற்றியும் மரங்களின் அருகிலும் நிற்க, ஒரே ஒரு வில்லேஜர் மட்டும் தங்கப் பாறையின் பக்கம் நிற்கிறார். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் காட்சிக்குப் பொருள், மூன்று வீரர்கள் சீக்கிரமே உங்கள் மரவெட்டிகளைத் தேடி வரக்கூடும், அல்லது அடுத்த யுகம் தொடங்கியதும் காலாட்படை வரக்கூடும் என்பதே.

அடுத்த யுகத்திலும் இதே முறையில் படிக்கலாம். வில்வீரன் ஒருவனுக்கு 25 மரமும் 45 தங்கமும் ஆகும். ஸ்கவுட் குதிரைக்கு 80 உணவு ஆகும், தங்கமே தேவையில்லை. ஆகவே வயல்கள் பெருகியும் தங்கச் சுரங்கம் ஆளின்றியும் கிடந்தால் குதிரைகளுக்குத் தயாராகுங்கள், தங்கத்தில் கூட்டம் சேர்ந்தால் வில்வீரர்களுக்கு. படைவீட்டைக் கண்ணால் கண்ட பிறகுதான் முடிவெடுப்பேன் என்று காத்திருப்பவர் எப்போதும் ஒரு படி பின்தங்குவார், ஏனெனில் பொருள் சேர்ந்த பின்னரே கட்டடமும் படையும் வருகின்றன. கல்லின் பக்கம் ஆட்கள் நகர்வது இன்னும் வெளிப்படையான அறிகுறி. கோட்டைக்கு 650 கல் தேவை. கையில் தொடங்குவது 200 மட்டுமே.

எதிராளியின் நிலத்தைப் படிக்கிற அளவுக்குச் சொந்த நிலத்தை யாரும் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. காட்டையே சுவராக நம்பி, இரண்டு காடுகளுக்கு இடைப்பட்ட வெளியை மட்டும் மரவேலியால் அடைப்பது வழக்கம். ஒரு மரத்தில் 100 மரப்பொருள்தான் இருக்கிறது. நம்முடைய மரவெட்டிகளே நாளடைவில் அந்தச் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். காடு மெலிந்து மறுபக்கத்துப் புல்வெளி தெரியத் தொடங்கும் இடத்தில், வேலியை யாரும் தொடாமலேயே ஊர் திறந்துவிடுகிறது. "எங்கிருந்து நுழைந்தார்கள்?" என்று கேட்கிறவர்களின் ரீப்ளேக்களில், அதாவது ஆட்டப் பதிவுகளில், இந்த இடைவெளியை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

ஒருமுறை பார்த்து, பிறகு கண்காணிப்பிலிருந்து விட்டுப்போன பகுதி சாம்பல் நிறம் படிந்து தெரியுமல்லவா, அங்கே நீங்கள் காண்பது கடைசியாகப் பார்த்தபோது இருந்த நிலைதான். இடிக்கப்பட்ட கட்டடம் அங்கே இன்னும் நிற்கும். புதிதாக எழுந்த கட்டடம் தெரியாது. எனவே எந்தத் தடயத்தோடும் அது எப்போது கண்டது என்பதையும் சேர்த்தே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் கண்ட காட்சியைப் பத்தாம் நிமிடத்தின் முடிவுக்கு ஆதாரமாக வைப்பது, தோல்விக்கு நான் அறிந்த மிகப் பொதுவான காரணம்.

நீங்கள் இப்போது பழகும் ஸ்டார்கிராஃப்ட் 2 இந்த வகையில் இன்னும் நுட்பமானது. எதிராளி கேஸ் என்ற வாயுப் பொருளை எடுக்கும் கட்டடத்தைக் கிளிக் செய்தால் அதில் மீதமிருக்கும் அளவு தெரியும். அதிலிருந்து இதுவரை எவ்வளவு எடுத்திருக்கிறார் என்று கணக்கிட்டு, அந்த கேஸைக் கொண்டு எதைச் செய்திருக்க முடியும், எதைச் செய்திருக்கவே முடியாது என்று தீர்மானிக்கலாம். புரோட்டாஸ் என்ற இனத்தின் ஊரில் சைபர்நெட்டிக்ஸ் கோர் என்ற கட்டடம் ஆராய்ச்சியில் இருக்கும்போது அதன் இயக்கம் வெளியிலிருந்தே தெரியும். அது சும்மா நின்றால் எதிராளியின் பொருள் வேறெங்கோ போகிறது. 1998-இல் வந்த முதல் ஸ்டார்கிராஃப்டிலிருந்தே கண்ணுக்குத் தெரியாத யூனிட்டுகள் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. உச்சிவெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் போல, அவை கடக்கும் இடத்தில் தரையின் படம் சற்றே பிசகும். அந்த நெளிவைத் திரை முழுவதும் தேடிக்கொண்டிருந்தால் வேறு வேலை ஓடாது. மறைந்து வருபவற்றை உருவாக்கும் அளவுக்கு கேஸ் செலவாகியிருக்கிறது என்று முன்பே கணித்தவர்தான், தன் ஊர் வாசலில் மட்டும் கண்ணை வைத்து அதைப் பிடிக்கிறார்.

பொய்த் தடயத்தைப் பற்றிய உங்கள் கேள்வியே இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அதற்கான விடையும் செலவில்தான் இருக்கிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தை ரத்து செய்தால் அதன் விலையில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். அதாவது, உங்கள் ஸ்கவுட் பார்க்கட்டும் என்று ஒரு கட்டடத்தைத் தொடங்கிவிட்டு, அது அகன்றதும் ரத்து செய்ய எதிராளிக்கு ஆகும் பொருட்செலவு கால் பங்கு மட்டுமே. அவ்வளவு மலிவான சாட்சியத்தை அதே அளவுக்குத்தான் நம்ப வேண்டும். எடுக்கப்பட்ட கேஸைத் திரும்ப மண்ணுக்குள் அனுப்ப முடியாது. வெட்டிய மரத்தை நட முடியாது. தங்கத்தில் எட்டுப் பேர் இரண்டு நிமிடம் உழைத்திருந்தால், அந்த உழைப்பை உங்களை ஏமாற்றுவதற்காக மட்டுமே ஒருவர் வீணாக்கியிருப்பார் என்று நான் கருதமாட்டேன். முழுமையாக எழும்பிய ஒரு கட்டடமும் தங்கத்தில் ஆளில்லாமையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஆளில்லாமையையே நம்புங்கள்.

இது கணினி விளையாட்டுகளோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. பழைய சீனப் போரியல் நூலான சுன் சூவின் போர்க்கலையில் ஒன்பதாம் அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பார்வைதான்: தூசி உயர்ந்து எழுந்தால் தேர்கள் வருகின்றன, தாழ்ந்து பரந்தால் காலாட்கள் வருகிறார்கள், பறவைகள் திடீரென எழும்பினால் அங்கே பதுங்கியிருக்கிறார்கள். 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர்ப்பயிற்சி விளையாட்டில், நடுவர் ஒவ்வொரு தரப்புக்கும் அதன் படைகள் கண்டிருக்கக்கூடியதை மட்டுமே தெரிவிப்பார். 2016-இல் வெளியான, எடோ காலத்து ஜப்பானில் நடக்கும் ஷேடோ டாக்டிக்ஸ் விளையாட்டில் இந்தப் பார்வை எதிர்த்திசையில் திரும்புகிறது. பனியில் நீங்கள் விட்டுச்செல்லும் காலடிகளைக் காவலர்கள் பின்தொடர்ந்து வருவார்கள்.

பயிற்சியால் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் ஆடிக்கொண்டே பழகுவது கடினம், ஏனெனில் கைகள் வேறு வேலையில் இருக்கும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயை எடுத்து, உங்கள் பார்வைக்கு மட்டும் தெரிந்ததைக் காட்டும்படி அமைத்து, ஸ்கவுட் எதிராளியின் ஊருக்குள் நுழையும் நொடியில் நிறுத்துங்கள். எத்தனை பேர் மரத்தில், எத்தனை பேர் உணவில், எத்தனை பேர் தங்கத்தில், எங்கே ஆளில்லை என்று எண்ணி, அடுத்த மூன்று நிமிடங்களில் என்ன வரும் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, பிறகு எதிராளியின் பார்வைக்கு மாற்றி ஓடவிடுங்கள். எண்ணுவது முக்கியம், "நிறையப் பேர்" என்று எழுதினால் கணக்கு நகராது. அதன் பிறகு அதே நொடியில் உங்கள் ஊரையும் எதிராளியின் ஸ்கவுட் பார்த்திருக்கக்கூடிய விதத்தில் எண்ணிப்பாருங்கள். உங்கள் நண்பர் சம்மதித்தால் அவருடைய தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்