மறுப்பை ஏன் வாசிப்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டம், கணிதம், வானியல், உயிரியல் என்று எந்தத் துறையில் புதிய ஆய்வு வந்தாலும் ஆவலோடு வாசித்துவந்தவன் நான். இப்போது அலுத்துவிட்டது. பசித்த நீதிபதி பரோல் தரமாட்டார் என்றார்கள். பிறகு அது சரியில்லை என்றார்கள். பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைக் கொண்டு வாழும் பாக்டீரியா என்றார்கள். 2025-ல் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். கே2-18பி கோளில் உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு என்று படித்தேன், அதற்கும் மறுப்பு. கணிதத்தைத் தவிர எதையும் நம்ப முடியவில்லை. என்னைப் போன்ற பொதுவாசகன் எந்த இதழ்களை வாசிக்கலாம்?

ர.

அன்புள்ள ர,

எந்த இதழ்கள் என்பதை ஒரு நல்ல நூலகரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். உங்கள் அலுப்பைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். சில காலமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. ஆய்வை ஆசையாக வாசிக்கிறவர்கள், மறுப்பு வந்ததும் யாரோ தங்களை ஏமாற்றிவிட்டதுபோல ஏன் சோர்ந்துபோகிறார்கள்?

அந்த 99.7 சதவீதத்தை எங்கே படித்தீர்கள்? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கோளின் வளிமண்டலத்தில், பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற மூலக்கூறின் சாயல் தெரிவதாகவும், அது தற்செயலாகத் தோன்றியிருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்றும் 2025 ஏப்ரலில் சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இது போதாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். மூலக்கூறு இருந்தாலும், அதை உண்டாக்கியது உயிர்தானா என்பது தனிக்கேள்வி. சொல்லாததை நம்பிவிட்டு, சொன்னவர்கள் மீது கோபப்படுவது நியாயமே இல்லை.

ஆர்சனிக் விஷயம் 2012-லேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்டின் குழு அதே பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்து, அதன் டி.என்.ஏ.வில் ஆர்சனிக் தென்படவில்லை என்று, முதல் கட்டுரையை வெளியிட்ட ‘சயின்ஸ்’ இதழிலேயே எழுதியது. நீங்கள் 2025-ல் படித்தது சம்பிரதாயம்.

கணிதமும் விலக்கல்ல. கோளங்களை எப்படி அடுக்கினால் மிக நெருக்கமாக அமையும் என்று கெப்ளர் 1611-ல் சொன்னதை, கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் நிறுவினார். அந்த நிரூபணத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஆய்விதழ் நடுவர்கள், 99 சதவீதம் உறுதி என்பதற்குமேல் போக மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த ஒரு சதவீதத்துக்காக ஹேல்ஸ் ஒரு குழுவைச் சேர்த்து, நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணினியால் சரிபார்த்து 2014-ல் முடித்தார். அவருக்கு அலுக்கவில்லை, ர.

கல்லூரியில் எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். ஆய்விதழ் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் புரட்டுவார். கடிதங்களும் மறுமொழிகளும் அங்கேதான் இருக்கும். யார் எந்தக் கட்டுரையைப் புகழ்ந்தாலும் “எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?” என்பார். கேட்டவர் விழித்தால் திட்டுவார். பிறகு அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துக் கொடுத்து, எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். பசித்த நீதிபதிகள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2011-ல் ஷாய் டான்சிகரும் வேறு இரு ஆய்வாளர்களும் இஸ்ரேலின் பரோல் குழுக்களில் எட்டு நீதிபதிகள் எடுத்த 1,112 முடிவுகளை ஆராய்ந்தார்கள். அமர்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 சதவீதம் கைதிகளுக்குச் சாதகம். நேரம் போகப்போக அது பூஜ்யத்தை நெருங்குகிறது. உணவு இடைவேளை முடிந்ததும் மறுபடி 65. உலகமே இதைப் பிடித்துக்கொண்டது.

அதே ஆண்டில், அந்தக் கட்டுரை வந்த இதழிலேயே, கெரென் வைன்ஷால்-மார்கெலும் ஜான் ஷாபார்டும் பதில் எழுதினார்கள். வழக்குகள் வரும் வரிசை தற்செயலானதல்ல என்றார்கள். ஒரு சிறையின் வழக்குகளை முடித்துவிட்டு இடைவேளைக்கு எழவே குழு முயலும். அந்த வரிசையில் வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில் வருவார்கள். வழக்கறிஞர் இருந்தவர்களில் 35 சதவீதம் பேர் வென்றார்கள். இல்லாதவர்களில் 15 சதவீதம் பேர்தான்.

அந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். நீதிபதியின் வயிற்றைப் பற்றி எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது, பேச ஆளில்லாமல் வரிசையின் கடைசியில் நின்ற கைதி மறுப்புரையில்தான் கண்ணுக்குத் தெரிந்தார். மறுப்பு வந்ததும் நீங்கள் முகம் திருப்பிக்கொண்டீர்களே, அங்கேதான் அவர் நின்றிருந்தார். எனக்கு உங்கள் மீது வருத்தம் இதில்தான்.

வழக்கறிஞர் இருந்தாரா என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகும் முடிவு மாறவில்லை என்று டான்சிகர் தரப்பு பதிலளித்தது. 2016-ல் ஆந்திரியாஸ் குளோக்னர் இன்னொரு கோணத்தைக் கொண்டுவந்தார். சாதகமான முடிவுகளுக்கு அதிக நேரம் பிடிக்கிறது. இடைவேளை நெருங்கும்போது நீண்ட வழக்கைத் தொடங்காமல் தள்ளிவைத்தாலே வரைபடத்தில் இப்படியொரு சரிவு தோன்றலாம் என்று கணினி மாதிரியில் காட்டினார். களைப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 65-ஐப் பூஜ்யத்துக்கு இறக்கும் வலு பசிக்கு உண்டு என்பதை நான் ஏற்கவில்லை.

2011-இன் மூலக் கட்டுரை, மறுப்பு, மறுமொழி, 2016-இன் கட்டுரை ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே வாசியுங்கள். மறுப்பும் மறுமொழியும் மிகச் சிறியவை, ஒரே மாலையில் முடிந்துவிடும். பிறகு நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள். நான் சொன்னதற்கு எதிராக இருந்தால் இன்னும் நீளமாக எழுதுங்கள்.