ஜெர்மனியில் பட்டுப்புடவை, கம்பளி, இறகு ஜாக்கெட்: வீட்டில் எதைத் துவைக்கலாம்?

மியூனிக்கில் முதல் குளிர்காலம் முடிகிறது, ஜாக்கெட் காலரில் அழுக்கு, ஸ்வெட்டரில் தாளிப்பு வாடை, மனைவியின் பட்டுப்புடவையில் சாம்பார்க் கறை, டிரைகிளீனிங் கடையில் சொல்லும் விலையோ தலை சுற்றுகிறது, எல்லாவற்றையும் வீட்டிலேயே துவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும் தம்பி. முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: பிளேசர், கோட்டு. அவற்றின் உள்ளே விறைப்புத் துணி ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அது சுருங்கி, மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்புறம் இஸ்திரி போட்டாலும் அடங்காது. அந்தக் காசைக் கடைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள்.

மற்றதற்கு உள்பக்க லேபிளைப் பாருங்கள். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு என்றால் மெஷினை மென்மையாக ஓட்ட வேண்டும், இரண்டு கோடு என்றால் இன்னும் மென்மையாக. தொட்டியின் மேல் பெருக்கல் குறி என்றால் தண்ணீரே கூடாது.

கம்பளியும் பட்டும் நம் தலைமுடி மாதிரி புரதத்தால் ஆனவை. சாதாரணத் துவைபொடியில் ரத்தக்கறை, முட்டைக்கறையைக் கரைக்கவென்று புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்த்திருப்பார்கள். அது கறையோடு சேர்த்துத் துணியையும் அரிக்கும். டிஎம், ரோஸ்மன் மாதிரி இங்குள்ள கடைகள் எதிலும் கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே தனித் திரவம் கிடைக்கும். பாட்டிலின் பின்பக்கப் பட்டியலில் 'என்சீமெ' என்று இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மியூனிக் தண்ணீர் வேறு கடினம். சோப்பு சரியாக அலசவில்லை என்றால் துணி வறட்டென்று ஆகிவிடும். அதனால் திரவத்தைக் குறைத்து, அலசுவதைக் கூட்டுங்கள்.

சரி, புடவை. அவசரப்பட்டுச் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். மஞ்சளில் காரத்தன்மை உள்ள சோப்பு பட்டால் கறை சிவந்துபோகும், பார்த்ததும் பயந்துவிடுவீர்கள். முதலில் கறையின் மேல் டால்கம் பவுடரோ சோளமாவோ தூவி இரவு முழுக்க விட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பிறகு சாயம் பாருங்கள்: வெள்ளைத் துணியை நனைத்து, உள்தலைப்பில் கண்ணுக்குப் படாத ஓரத்திலும் பார்டரிலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரக்குப் பார்டர், வெளிர் உடல் போட்ட கோர்வைப் புடவை என்றால் நான் சோதித்துக்கூடப் பார்க்க மாட்டேன், நேராக டிரைகிளீனிங்தான். கொடுக்கும்போது கறையைத் தொட்டுக் காட்டி, எண்ணெயும் மஞ்சளும் என்று சொல்ல வேண்டும். இங்குள்ளவருக்குச் சாம்பார் எப்படித் தெரியும்?

சாயம் போகாத, ஜரிகை குறைந்த மென்பட்டு என்றால் வீட்டிலேயே முடித்துவிடலாம். குளிர்ந்த தண்ணீரில் அரை மூடி திரவம், இரண்டு மூன்று நிமிடம் அலைத்து எடுத்தால் போதும். ஊற வைக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது. ஊரில் பாட்டிகள் பூந்திக்கொட்டை நுரையில் பட்டை அலசியது நல்ல முறைதான். இங்கே பியோ என்னும் இயற்கைப் பொருள் கடைகளில் அதையே 'வாஷ்நுஸ்' என்று பை போட்டு விற்கிறார்கள். ஆனால் அந்தச் சாறு பழுப்பு நிறம், வெளிர் புடவைக்கு வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் மஞ்சள் லேசாகத் தங்கும். வெளிச்சம் மஞ்சளை மங்கச் செய்யும். பருத்தி வேட்டியை வெயிலில் போட்டுவிடலாம். பட்டுக்கு நேர் வெயில் ஆகாது, சன்னலருகே நிழல் வெளிச்சத்தில் சில நாள் விரித்துப் போட்டு, புடவை நிறம் வெளுக்கிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரை அடிக்கடி துவைக்கத் தேவையே இல்லை. ஈரப்பதமான இரவில் பால்கனியில் போட்டால் தாளிப்பு வாடை பெரும்பாலும் போய்விடும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் மெஷினில் 'வொல்லெ', அதாவது கம்பளி புரோகிராம், கால் டிரம்முக்கு மேல் வேண்டாம். கையால் என்றால் துவைக்கும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். சூடும் தேய்ப்பும் சேர்ந்தால்தான் கம்பளி இறுகிக் குழந்தைச் சட்டை ஆகிறது. தடித்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும். ஹீட்டர் மேல் போடவே போடாதீர்கள்.

இறகு ஜாக்கெட்டைத் துவைப்பது சுலபம், காய வைப்பதுதான் பாடு. ஜிப்பை மூடி, 30 டிகிரியில், கொஞ்சம் திரவத்தோடு, கூடுதலாக ஒருமுறை அலசும்படி போடுங்கள். சாஃப்ட்னர் கூடாது, இறகில் படிந்து அதன் உப்பலைக் கெடுக்கும். வெளியே எடுக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். வீட்டில் டிரையர் இல்லையென்றால் வாஷ்சலோனுக்கு, அதாவது காசு போட்டு நாமே துவைத்து உலர்த்தும் கடைக்கு எடுத்துப் போங்கள். பெரிய டிரையர், குறைந்த சூடு, கூடவே இரண்டு மூன்று டென்னிஸ் பந்து. இடையிடையே நிறுத்தி, கட்டி கட்டியாக இருக்கும் இடங்களை விரலால் பிரித்துவிடுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், கட்டி ஒன்றுகூடத் தட்டுப்படாமல் போகும் வரை ஓட்டுங்கள். பல மணி நேரம் ஆகும், புத்தகம் எடுத்துப் போங்கள்.

கோடைக்குக் கம்பளியை எடுத்து வைக்கும் முன் கட்டாயம் துவைத்து நன்றாக உலர்த்துங்கள். வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடத்தைத்தான் அந்துப்பூச்சிப் புழு முதலில் கடிக்கும். ஏற்கெனவே ஓட்டை தெரிந்தால், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள்.